இலைச்சாற்றில் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' இருக்கு, சரி... அதை நம்பி மாத்திரையை நிறுத்தலாமா? பொதிகை மூலிகைகள் பற்றி ஆய்வகம் சொல்வதும் சொல்லாததும்

"அண்ணாச்சி, இதுல ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய இருக்கு. தெனமும் வெறும் வயித்துல ஒரு டம்ளர் குடிங்க. சுகர், பிரஷர் எல்லாம் ஓடிரும்."

நெல்லை டவுனோ பாளையங்கோட்டையோ, காலையில் வாக்கிங் போகிறவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. அருகம்புல், வல்லாரை, துளசி, கீழாநெல்லி, சிறுகுறிஞ்சான் என்று இலையின் பெயர்தான் மாறும். முன்பெல்லாம் 'உடம்புக்குக் குளிர்ச்சி', 'ரத்தம் சுத்தமாகும்' என்பார்கள். இப்போது அந்த இடத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற சொல் வந்து உட்கார்ந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் வரும் வீடியோ, மூலிகைப் பொடி பாக்கெட், க்ரீன் டீ டப்பா என எங்கே பார்த்தாலும் இதே சொல்தான்.

சொல்பவர் முழுக்கப் பொய் சொல்லவில்லை. இந்த இலைகளில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருப்பது ஆய்வகத்தில் நிரூபணமான விஷயம். ஆனால் அந்த ஒரு வரியை நம்பி, டாக்டர் எழுதிக்கொடுத்த சர்க்கரை மாத்திரையையோ ரத்த அழுத்த மாத்திரையையோ ஒருவர் நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? ஆய்வகத்தில் நடந்த சோதனைக்கும் அவர் உடம்பில் நடக்கப்போவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் என்ன?

நம்ம ஊர் அடுக்களையிலிருந்தே தொடங்கலாம். வாழைப்பூவையோ வாழைக்காயையோ நறுக்கி அப்படியே வைத்தால் கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். அதனால்தான் நறுக்கியதும் மோர் கலந்த தண்ணீரில் போடுகிறோம். வெட்டிய இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் படும்போது நடக்கும் வேதிவினையே அந்தக் கறுப்பு. மோரின் புளிப்பு அந்த வினையைத் தாமதப்படுத்துகிறது. எலுமிச்சை பிழிந்துவிட்டால் அதிலுள்ள வைட்டமின் சி-யும் சேர்ந்து தடுக்கிறது. இப்படி ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் அல்லது மட்டுப்படுத்தும் பொருளுக்குப் பெயர்தான் ஆன்டிஆக்ஸிடன்ட்.

நம் உடம்பிலும் ஆக்சிஜனேற்றம் ஓயாமல் நடக்கிறது. சாப்பாட்டிலிருந்து சக்தி எடுக்கும்போதே 'ஃப்ரீ ராடிக்கல்' எனப்படும் மூலக்கூறுகள் உருவாகின்றன. இவற்றில் ஒரு எலக்ட்ரான் ஜோடி இல்லாமல் தனியாக நிற்கும். அந்த ஜோடிக்காக அருகிலுள்ள கொழுப்பு, புரதம், டிஎன்ஏ என எதிலிருந்தும் எலக்ட்ரானைப் பிடுங்கப் பார்க்கும். புகைப்பழக்கம், காற்று மாசு, வெயிலின் புற ஊதாக்கதிர் ஆகியவை இவற்றின் எண்ணிக்கையைக் கூட்டும். ஆன்டிஆக்ஸிடன்ட் தன் எலக்ட்ரானைக் கொடுத்து இதை அமைதிப்படுத்தும்.

அப்படின்னா ஃப்ரீ ராடிக்கல் எல்லாமே கெட்டவையா? கிடையாது. கிருமிகளைக் கொல்ல நம் வெள்ளை அணுக்கள் இவற்றைத்தான் ஆயுதமாகப் பயன்படுத்துகின்றன. அளவு மீறினால் கட்டுப்படுத்த குளூட்டாதயோன், கேட்டலேஸ் போன்ற காவலாளிகளை உடம்பே தயாரித்து வைத்திருக்கிறது. ஆக, தேவைப்படுவது சமநிலை. வெளியிலிருந்து எவ்வளவு அதிகமாக ஆன்டிஆக்ஸிடன்ட் போனாலும் நல்லதுதான் என்ற கணக்கு இங்கே செல்லாது.

இலைகளில் ஏன் இவ்வளவு?

செடிக்குக் கால் இல்லை. நெல்லை வெயில் 40 டிகிரி கொளுத்தினாலும் நிழலுக்கு ஓட முடியாது. ஒளிச்சேர்க்கை நடக்கும் இடமும் இலைதான். வெளிச்சமும் ஆக்சிஜனும் சேர்கிற இடத்தில் ஃப்ரீ ராடிக்கலும் உருவாகும். அதிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி தயாரித்து வைத்திருப்பவைதான் ஃபிளேவனாய்டு, டானின், கரோட்டினாய்டு, வைட்டமின் சி போன்றவை. பூச்சியும் ஆடும் மாடும் தின்னாமல் விரட்டவும் இவற்றில் சில உதவும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது செடி தனக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. ஆகவே மூலிகை என்று நாம் பெயர் வைத்த இலைகளில் மட்டும் இது இருக்காது. பச்சையாக இருக்கும் எல்லா இலைகளிலும் கூடக்குறைய இருக்கும். அரளி இலையைச் சாறெடுத்துச் சோதித்தாலும் ஆன்டிஆக்ஸிடன்ட் இருப்பதாகத்தான் ரிசல்ட் வரும். ஆனால் அரளி இலை இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடிய விஷம் என்பது நம்ம ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

'ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது' என்ற ரிசல்ட் ஓர் இலையை மருந்து என்றும் சொல்லாது, பாதுகாப்பானது என்றும் சொல்லாது. இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பொதிகை மலைக்கு ஏன் இந்தப் பெருமை?

தாமிரபரணி பிறக்கும் பொதிகை, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அகத்தியர் வாழ்ந்த மலை என்பது நம் மக்களின் நம்பிக்கை. தமிழ்நாடு, கேரளா இரண்டிலும் பரவிக் கிடக்கும் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001-ல் அறிவிக்கப்பட்டது. 2016-ல் யுனெஸ்கோவின் உலக வலைப்பின்னலில் சேர்ந்தது. இங்கே 2,254 வகை உயர்நிலைத் தாவரங்கள் இருப்பதாகவும், அவற்றில் ஏறத்தாழ 400 இந்தப் பகுதிக்கே உரியவை என்றும் யுனெஸ்கோ குறிப்பிடுகிறது. நெல்லைப் பக்கத்துக் காடு, 1988 முதல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமாக இருக்கிறது.

மலைக்குக் கீழே, 1964-ல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நெல்லை, தூத்துக்குடி வட்டாரக் கல்லூரிகளின் தாவரவியல் துறைகளும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் சுற்றுவட்டாரச் செடிகளைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருகின்றன. மூலிகை ஆய்வில் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைக்கும் சோதனைகளில் ஒன்று, இலைச்சாற்றின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன். செலவு குறைவு, சில நாட்களில் முடிவு தெரிந்துவிடும் என்பது அதற்கு ஒரு காரணம்.

ஆய்வகத்தில் என்னதான் செய்கிறார்கள்?

பறித்த இலையை முதலில் நிழலில் உலர்த்துவார்கள். பிறகு பொடியாக்கி, மெத்தனால், எத்தனால், எத்தில் அசிட்டேட் போன்ற கரைப்பானில் ஊறவைத்தோ சூடாக்கியோ சாரத்தைப் பிரிப்பார்கள். கரைப்பானை ஆவியாக்கிவிட்டால் அடியில் பிசின் மாதிரி ஒன்று தங்கும். 'எக்ஸ்ட்ராக்ட்' என்பது அதுதான்.

அடுத்து 'டிபிபிஎச்' சோதனை. இந்தப் பொருளை 1922-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 1958-லிருந்து ஆன்டிஆக்ஸிடன்ட் அளக்கப் பயன்படுகிறது. டிபிபிஎச் ஒரு ஃப்ரீ ராடிக்கல். கரைசலில் அடர் ஊதா நிறத்தில் இருக்கும். எலக்ட்ரான் கொடுக்கக்கூடிய எதைச் சேர்த்தாலும் ஊதா வெளிறி மஞ்சளாகிவிடும். நிறம் எவ்வளவு வெளிறியது என்பதை 517 நானோமீட்டர் ஒளி அலைநீளத்தில் கருவி அளக்கும்.

ஊதா நிறத்தைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு சாரம் தேவை என்ற அளவுக்கு 'ஐசி50' என்று பெயர். உதாரணமாக ஓர் இலைக்கு மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம், இன்னொன்றுக்கு 200 என்று வந்தால், 20 வந்த இலைதான் வலுவானது. எண் குறைந்தால் திறன் கூடுதல் என்று அர்த்தம். பெரும்பாலும் இதை வைட்டமின் சி-யோடு ஒப்பிட்டுக் காட்டுவார்கள். 'வைட்டமின் சி-க்கு நிகரான மூலிகை' என்ற தலைப்புகள் இப்படித்தான் பிறக்கின்றன.

ஆராய்ச்சியாளருக்கு இது பயனுள்ள சோதனை. நூறு செடிகளில் எதை அடுத்த கட்ட ஆய்வுக்கு எடுத்துப் போகலாம் என்று சலித்துப் பார்க்க உதவும். ஆனால் டிபிபிஎச் என்ற பொருள் மனித உடம்பில் எங்கேயும் கிடையாது. கண்ணாடிக் குழாயில் ஒரு நிறம் மாறியது. இந்தச் சோதனை சொல்வது அவ்வளவுதான்.

வீட்டில் அரைக்கிற சாறும் ஆய்வக 'எக்ஸ்ட்ராக்ட்'டும் ஒன்றா?

ஒன்றில்லை. முதல் வித்தியாசம் கரைப்பான். மெத்தனாலில் இறங்கும் பொருள்கள் எல்லாம் தண்ணீரில் இறங்காது. மெத்தனால் நமக்கு விஷம். அதை ஆவியாக்கிவிட்டுத்தான் சோதிக்கிறார்கள். வீட்டில் மிக்ஸியில் அரைத்தோ, தண்ணீரில் கொதிக்க வைத்தோ எடுக்கும் சாறு வேறு ஒரு கலவை. கொதிக்க வைத்தால் வைட்டமின் சி-யில் கணிசமான பங்கு போய்விடும்.

இரண்டாவது, இலைக்கு இலை மாறும் அளவு. ஒரே செடியே தாமிரபரணிக் கரை வயல் வரப்பில் வளர்ந்தால் ஒரு மாதிரியும், மானாவாரிச் செம்மண்ணில் வளர்ந்தால் இன்னொரு மாதிரியும் இருக்கும். கொழுந்து, முற்றின இலை, மழைக்காலம், கோடை எல்லாமே கணக்கில் வரும்.

மூன்றாவது, செடியே வேறாக இருக்கலாம். கீழாநெல்லி என்று நாம் பறிக்கும் செடிக்கு ஒரே ஜாடையில் பல சகோதரச் செடிகள் உண்டு. தென்னிந்தியக் கடைகளில் விற்ற கீழாநெல்லியைச் சோதித்த ஓர் ஆய்வு 2010-ல் வெளியானது. பெரும்பாலான மாதிரிகளில் உண்மையான கீழாநெல்லி இருந்தாலும், மற்றவற்றில் அதே குடும்பத்தின் வேறு இனங்கள் கலந்திருந்தன. கடையில் வாங்கும்போதே இந்த நிலை. ரோட்டோரத்தில் பறித்தால் வண்டிப் புகை, சாக்கடைத் தண்ணீர், பூச்சிமருந்து எல்லாம் இலையோடு சேர்ந்தே டம்ளருக்கு வரும்.

உடம்புக்குள் போனதும் என்ன ஆகிறது?

குடித்த சாறு நேராக ரத்தத்தில் கலந்துவிடாது. இரைப்பை அமிலம், குடல் நொதிகள், குடல் பாக்டீரியா, கடைசியில் கல்லீரல் என்று நான்கு செக்போஸ்ட்டைத் தாண்டணும். பாலிஃபீனால் வகைப் பொருள்களில் பெரும்பங்கு வழியிலேயே உருமாறிவிடும் அல்லது வெளியேறிவிடும். 50 மில்லிகிராம் பாலிஃபீனால் உட்கொண்டவர்களின் ரத்தத்தில், எந்த வகை என்பதைப் பொறுத்து, லிட்டருக்கு 0 முதல் 4 மைக்ரோமோல் வரைதான் காணப்பட்டதாக 2005-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. கண்ணாடிக் குழாயில் வேலை செய்த செறிவு ரத்தத்தில் கிடைப்பது அரிது.

இந்த இடைவெளியை அமெரிக்க அரசே ஒப்புக்கொண்டது. எந்த உணவில் எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் என்று 'ஓராக்' எண்களோடு ஒரு பட்டியலை அந்நாட்டு வேளாண் துறை இணையத்தில் வைத்திருந்தது. கம்பெனிகள் அந்த எண்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தத் தொடங்கின. இந்த எண்களுக்கும் மனித ஆரோக்கியத்துக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகச் சான்று இல்லை என்று சொல்லி, 2012-ல் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டார்கள்.

மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது...

ஆன்டிஆக்ஸிடன்ட்டை மாத்திரையாகவே கொடுத்தால் புற்றுநோயைத் தடுக்கலாமா? இந்தக் கேள்வியோடு ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பழக்கக்காரர்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் தரப்பட்டது. பச்சைக் கீரையிலும் கேரட்டிலும் இருக்கும் அதே பொருள்தான். 1994-ல் முடிவு வந்தபோது உலகமே அதிர்ந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது.

அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இதேபோன்ற ஆய்வில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-வும் தரப்பட்டது. அங்கே நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் கூடியதால், 1996-ல் திட்டமிட்டதற்கு 21 மாதங்கள் முன்பே நிறுத்திவிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டுக் கீரையைக் கண்டு பயப்பட வேண்டாம். பொரியலாகச் சாப்பிடும் கீரையில் நார்ச்சத்து, இரும்பு, ஃபோலேட் எல்லாம் அளவோடு கலந்திருக்கும். ஒரே பொருளைப் பிரித்துச் செறிவாக்கி, தினமும் விழுங்குவது வேறு விஷயம். 'எக்ஸ்ட்ராக்ட்' கேப்ஸ்யூல் வாங்கும் முன் இந்த வித்தியாசத்தை யோசிக்க வேண்டும்.

கீழாநெல்லி சொல்லும் பாடம்

நம்ம ஊரில் மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுப்பது வழக்கம். இந்தச் செடியை ஆய்வகத்தோடு நிறுத்தாமல் மனிதர்களிடமே சோதித்தவர்கள் சென்னை ஆய்வாளர்கள். ஹெபடைடிஸ் பி கிருமியை உடம்பில் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளப் புரதம் மறைந்தது. வெறும் பொடி பெற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி மறைந்தது. 1988-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளியானதும் உலகமே சென்னையைத் திரும்பிப் பார்த்தது.

பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் இதையே செய்து பார்த்தார்கள். அங்கே அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி வளர்ந்த மண்ணா, பறித்த காலமா, கிருமியின் வகையா என்ற விவாதம் நடந்தது. எப்படி இருந்தாலும், ஒரு தடவை கிடைத்த நல்ல முடிவு மறுபடியும் கிடைக்காதவரை அதை மருந்தாக எடுத்துக்கொள்ள முடியாது. குழாயில் நிறம் மாறியதை விடப் பல படிகள் மேலே போன கீழாநெல்லிக்கே இந்தக் கதி என்றால், நிறம் மாறியதோடு நின்றுவிட்ட இலைகளைப் பற்றி என்ன சொல்வது?

"எங்க தாத்தாவுக்கு கீழாநெல்லியிலதான் காமாலை போச்சு" என்று நீங்க கேட்கலாம். போயிருக்கும். காமாலை என்பது தனி நோய் அல்ல, ஓர் அறிகுறி. ஹெபடைடிஸ் ஏ கிருமியால் வரும் காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த நாட்களில் எதைச் சாப்பிட்டாலும் பெயர் அதற்குத்தான் போகும். ஆனால் பித்தப்பைக் கல் அடைத்தோ, எலிக் காய்ச்சலாலோ, கட்டியாலோ வந்த காமாலை என்றால் அந்தச் சில வாரத் தாமதம் உயிருக்கே ஆபத்து. முதலில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். அதுக்கு அப்புறம்தான் மற்றதெல்லாம்.

டெங்கு நேரத்தில் நிலவேம்பு கொடுத்தார்களே?

2012-ல் கடையநல்லூர் உட்பட அன்றைய நெல்லை மாவட்டத்தில் டெங்கு கடுமையாகப் பரவியது. அப்போது தமிழக அரசே நிலவேம்புக் குடிநீரை விநியோகித்தது. அது வெறும் நிலவேம்பு இலைச்சாறு அல்ல. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என்று 9 பொருள்கள் குறித்த அளவில் சேர்ந்த கஷாயச் சூரணம். காய்ச்சலுக்கான சித்த மருந்தாகத்தான் கொடுத்தார்கள். யாரும் ஆன்டிஆக்ஸிடன்ட் பானமாகக் கொடுக்கவில்லை.

அதைக் குடித்தாலும், டெங்குவில் தட்டணு குறைவதையும் ரத்தக்குழாயிலிருந்து நீர்க்கசிவதையும் மருத்துவமனையில்தான் கண்காணிக்க முடியும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் நிலவேம்பைத் தவிர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் மூலிகைக் கையேடு எச்சரிக்கிறது.

'இயற்கைதானே, என்ன செஞ்சிடப் போகுது?'

வேலை செய்யும் எந்தப் பொருளுக்கும் பக்கவிளைவும் இருக்க வாய்ப்புண்டு. இரண்டு உதாரணங்கள் பார்ப்போம்.

சிறுகுறிஞ்சான்: இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மண் மாதிரி இருக்கும். அதிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணர்வைக் கொஞ்ச நேரம் மறைத்துவிடும். ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மையும் இதற்கு இருப்பதாகச் சில ஆய்வுகள் உண்டு. அதனால்தான் ஆபத்தும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் டாக்டரிடம் சொல்லாமல் இதையும் சேர்த்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். மாறாக, இதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரை ஓசையில்லாமல் ஏறும். கண், சிறுநீரகம், பாதம் என்று பாதிப்பு பிறகுதான் தெரியும்.

சீந்தில்: கொரோனா காலத்தில் எதிர்ப்புச்சக்திக்கு என்று நாடெங்கும் குடித்தார்கள். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில் சீந்தில் எடுத்துக்கொண்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரம் வெளியானது. ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்தது. சீந்தில் பாதுகாப்பானது, இதே ஜாடையில் உள்ள வேறு கொடியாக இருக்கலாம் என்பது அமைச்சகத்தின் வாதம். விவாதம் எப்படி முடிந்தாலும் குடிக்கிறவருக்கு விஷயம் ஒன்றுதான்: எந்தக் கொடி, எவ்வளவு, எத்தனை நாள், ஏற்கெனவே கல்லீரல் எப்படி இருக்கு என்று தெரியாமல் குடிக்கக் கூடாது.

சித்த மருத்துவம் இதை எப்படிப் பார்க்கிறது?

இதைச் சித்த மருத்துவத்துக்கும் அலோபதிக்கும் நடக்கும் சண்டையாக நினைக்க வேண்டாம். 'எல்லாரும் தெனமும் குடிங்க' என்று சித்த மருத்துவமும் சொல்வதில்லை. நாடி பார்த்து, வாதம், பித்தம், கபத்தின் நிலை அறிந்து, அளவும் அனுபானமும் பத்தியமும் சொல்லித்தான் மருந்து கொடுப்பார்கள். பல மருந்துகளுக்கு ஒரு மண்டலம் என்று நாள் கணக்கும் உண்டு. ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற ஒற்றைச் சொல்லை வைத்து வண்டியில் விற்கும் சாறுக்கு இந்த மரபின் கட்டுப்பாடும் கிடையாது, நவீன மருத்துவத்தின் சோதனையும் கிடையாது.

ஓர் இலை மருந்தாக எவ்வளவு நாள் ஆகும்?

அதற்கும் இந்த மலையிலேயே ஒரு கதை இருக்கிறது. பாபநாசத்துக்கு மேலே சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, இஞ்சிக்குழி, சேர்வலாறு பகுதிகளில் காணி மக்கள் வாழ்கிறார்கள். மலையின் கேரளப் பக்கத்திலும் அவர்களின் குடியிருப்புகள் உண்டு. 1987-ல் அந்தப் பக்கம் மலையேறிய விஞ்ஞானிகள், வழிகாட்டிகளாக வந்த காணிகள் ஒரு சின்னப் பழத்தை மென்றபடி களைக்காமல் நடப்பதைக் கவனித்தார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதன் இலையை ஆராய்ந்த திருவனந்தபுரம் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா, வேறு மூன்று மூலிகைகளையும் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-ல் கோவை நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் தரப்பட்டது. உரிமத் தொகை 10 லட்ச ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி, இரண்டிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. அவர்களுக்கான அறக்கட்டளை 1997-ல் அமைந்தது.

பழங்குடிகளின் அறிவுக்குப் பங்கு தந்த முன்னோடி என்று உலகம் பாராட்டியது. ஆனால் இலைக்குக் கிராக்கி வந்ததும் காட்டுச்செடியே அழிந்துவிடுமோ என்ற கவலையும் சேர்ந்தே வந்தது. இலை பறிப்பதில் வனத்துறையோடு சிக்கல் எழுந்தது. 2002-ல் வந்த உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் இந்தப் பங்கீட்டைச் சட்டமாகவே ஆக்கியது. பல வருட ஆய்வு, பெயர் சொல்லக்கூடிய ஒரு மக்கள் கூட்டத்தின் அறிவு, காட்டின் தாங்கும் சக்தி ஆகிய எல்லாம் சேர்ந்துதான் ஓர் இலை மருந்துக்கடைக்கு வருகிறது. 'பொதிகை மலை மூலிகை' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பாக்கெட்டைப் பார்த்தால், இதில் எது நடந்திருக்கிறது என்று கேட்கலாம். புலிகள் காப்பகத்துக்குள் நாமாகப் போய் இலை பறிப்பது சட்டப்படி குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

அப்போ நாங்க என்னதான் செய்யணும்?

முருங்கைக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, கறிவேப்பிலை... இதெல்லாம் சோற்றோடு தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆன்டிஆக்ஸிடன்ட்டுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. கூடவே ஒரு கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ சேர்த்தால் வைட்டமின் சி-யும் கிடைத்துவிடும். சிறுநீரக நோயாளிகள், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் கீரையின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இலைச்சாறு, பொடி, கேப்ஸ்யூல் என்று யாராவது நீட்டினால் இந்த 5 கேள்விகளைக் கேளுங்கள்:

1. சோதனை எங்கே நடந்தது? கண்ணாடிக் குழாயிலா, எலியிலா, மனிதர்களிடமா?

2. எந்தச் செடி, எந்தப் பாகம், எந்தக் கரைப்பான்? எனக்குத் தருவதும் அதேதானா?

3. எவ்வளவு, எத்தனை நாள்? அளவு சொல்லத் தெரியாதவரிடம் மருந்து வாங்காதீர்கள்.

4. நான் சாப்பிடும் மாத்திரையோடு ஒத்துப்போகுமா? இதை உங்கள் டாக்டரிடமும், பதிவு பெற்ற சித்த மருத்துவரிடமும் கேளுங்கள். ஒருவரிடம் சொன்னதை இன்னொருவரிடம் மறைக்காதீர்கள்.

5. பாக்கெட்டில் தயாரிப்பு உரிமம் எண், காலாவதித் தேதி இருக்கிறதா? சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் குணமாக்கும் என்று விளம்பரம் செய்கிறார்களா? 54 நோய்களுக்கு அப்படி விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டம் தடை செய்கிறது. சர்க்கரையும் புற்றுநோயும் அந்தப் பட்டியலில் உண்டு.

சாறு குடிக்கத் தொடங்கிய பிறகு கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர் நிறமாவது, தொடர் வாந்தி, அடிக்கடி தலைசுற்றல் என்று ஏதாவது தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். என்ன குடித்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். மீதமிருந்தால் பொடியையோ இலையையோ கையோடு எடுத்துப் போனால் இன்னும் நல்லது.

நாளைக்குக் காலை வாக்கிங்கில் அண்ணாச்சி மறுபடியும் டம்ளரை நீட்டினால் வாங்கிக் குடிக்கலாமா? தெரிந்த கீரையின் சாறு, சுத்தமான தண்ணீரில், எப்போதாவது ஒரு டம்ளர் என்றால் ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பிரச்னை வராது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அன்றைய மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.